சத்தம் போடாதவர்களின் ஓட்டு

உங்கள் தெருமுனை மளிகைக்கடைக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தினமும் வந்து சண்டை போடுவார். "என்னய்யா பருப்பு இது, வேகவே மாட்டேங்குது? பழைய பருப்பை ஏன் நிறுத்தினே?" என்று கடையே அதிரும். இன்னொருவர் வாயே திறக்க மாட்டார். பருப்பு பிடிக்கவில்லையா? அடுத்த மாதச் சாமான் லிஸ்ட்டை அடுத்த தெருக் கடையில் கொடுத்துவிடுவார். வழியில் பார்த்தால் பழைய கடைக்காரருக்கு ஒரு வணக்கம்கூட வைப்பார்.

யாருக்காகக் கடைக்காரர் பருப்பை மாற்றுவார்? சத்தம் போடுகிறவருக்காகத்தான். யாரால் கடைக்கு நஷ்டம்? சத்தம் போடாதவரால்தான்.

நான் படித்தது பி.காம். பேரேட்டில் கடன் வாங்கியவனுக்குப் பக்கம் உண்டு, கொடுத்தவனுக்குப் பக்கம் உண்டு. ஏன், வராக்கடனுக்குக்கூட ஒரு கணக்கு எழுதியாக வேண்டும். ஆனால் வராமல் போன ஆளுக்குக் கணக்கு கிடையாது. வருஷக் கடைசியில் லாபம் குறைந்திருக்கும். யாரால் குறைந்தது என்று எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தெரியாது.

அரசியல் கட்சிகளும் இதே கணக்குத்தான் எழுதுகின்றன. கட்சி ஆபீசுக்கு வருகிறவர் யார்? மாநாட்டில் முன்வரிசையில் நின்று தொண்டை வறளக் கத்துகிறவர் யார்? தலைவரின் காரை மறித்து 'இதைச் செய்தால்தான் ஆச்சு' என்று நிற்கிறவர் யார்? நீங்களும் நானும் இல்லை. நாம் வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி செய்தி பார்த்து, 'இவங்களுக்கு என்ன ஆச்சு?' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிற ஜாதி. தலைவர் காதில் விழுவது மாநாட்டுக் கூச்சல். பெட்டியில் விழுவது நம் ஓட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது பல தலைவர்களுக்கு எண்ணிக்கை நாளன்றுதான் தெரிந்திருக்கிறது.

அப்படித் தெரிந்துகொண்ட ஒருவரைப் பார்ப்போம்.

1964 ஜூலை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு. நியூயார்க் கவர்னர் நெல்சன் ராக்பெல்லர் மேடை ஏறுகிறார். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தே நிமிடம். அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தீவிரவாதக் கும்பல்களைக் கட்சி கண்டிக்க வேண்டும் என்றார். கம்யூனிஸ்ட்டுகள், கு க்ளக்ஸ் க்ளான், ஜான் பிர்ச் சொசைட்டி என்று பெயர்களையும் சொன்னார். கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட கு க்ளக்ஸ் க்ளானைக் கண்டிக்க ஒரு பெரிய கட்சிக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும்? ஆனால் அரங்கம் ஊளையிட்டது. பேசவே விடவில்லை. அவர் நின்றார், காத்திருந்தார், மறுபடி பேசினார், மறுபடி ஊளை. தீர்மானம் தோற்றது. இத்தனையும் நாடு முழுக்க டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் ஏற்புரை நிகழ்த்தினார். சுதந்திரத்தைக் காப்பாற்றுவதில் தீவிரம் காட்டுவது குற்றமே இல்லை, நீதியைத் தேடுவதில் நிதானம் காட்டுவது ஒரு நற்குணமும் இல்லை என்கிற பொருளில் பேசினார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

இன்னொரு தகவலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கறுப்பர்களுக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டம் செனட் சபையில் நிறைவேறியிருந்தது. குடியரசுக் கட்சி செனட்டர்கள் 33 பேர். அதில் 27 பேர் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் ஒருவரைத்தான் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது! கோல்ட்வாட்டர் தனிப்பட்ட முறையில் இனவெறியர் இல்லை. இதற்கு முந்தைய சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். தனியார் வியாபாரத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பது அவருடைய வாதம். ஆனால் யார் கைதட்டினார்கள் என்பதை வைத்து ஜனங்கள் ஒரு கட்சியை எடை போடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா?

நவம்பரில் ரிசல்ட் வந்தது. லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீதம். கோல்ட்வாட்டருக்கு 38.5. ஐம்பது மாநிலங்களில் ஆறு. சொந்த மாநிலமான அரிசோனாவும், சிவில் உரிமைச் சட்டத்தை வெறுத்த ஐந்து தென் மாநிலங்களும். கென்னடி கொலையான அனுதாபம் ஜான்சனுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் நாலு வருஷம் முன்புதான் இதே கட்சி ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தது. இப்போது வித்தியாசம் ஒன்றரைக் கோடி. அனுதாபத்தை மட்டும் வைத்து இதற்குக் கணக்குச் சொல்ல முடியாது.

வெர்மாண்ட் என்று ஒரு குட்டி மாநிலம். பசுமாடு, பால்பண்ணை, மேப்பிள் மரம், பனி. அதிகம் பேசாத ஜனங்கள். 1856 முதல் நடந்த ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்ட மாநிலம். 108 வருஷம்! தாத்தா போட்டார், அப்பா போட்டார், மகன் போட்டார். 1964-இல் முதல் தடவையாக மாற்றிப் போட்டது. சத்தமில்லாமல் லிஸ்ட்டை அடுத்த தெருக் கடையில் கொடுத்துவிட்டது.

ஏன் கட்சிக்கு இது முன்கூட்டியே தெரியவில்லை?

ஹெரால்ட் ஹோட்டலிங் என்கிற பொருளாதார அறிஞர் 1929-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே தெருவில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டும் தெருவின் நடுப்பகுதிக்குத்தான் நகரும். ஓரத்தில் இருக்கிறவன் எங்கே போவான், எப்படியும் நம்மிடம்தானே வர வேண்டும் என்று இரண்டு பேருமே நடுவில் இருக்கிறவனைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்று அவரே எழுதினார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1964-இல் கடை நடுவிலிருந்து கிளம்பித் தெருக்கோடிக்கு அல்லவா போனது?

இதற்குப் பதில் சொன்னவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் ஊரைவிட்டு வெளியேறியவர். வெளியேறுவது என்றால் என்ன என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவர். 1970-இல் அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று இதைப் பற்றித்தான். ஒரு கடையோ கட்சியோ கெட்டுப்போனால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வெளியேறுவது. இன்னொன்று, உள்ளே இருந்து குரல் கொடுப்பது. வெளியேற வழி இருக்கிறவன் போய்விடுகிறான். வழி இல்லாதவன் கத்துகிறான்.

அதாவது, தெருவின் ஓரத்தில் இருக்கிறவன் பாவம், போக்கிடம் இல்லாதவன் என்று ஹோட்டலிங் நினைத்தார். போக்கிடம் இல்லாததுதான் அவனுடைய பலம் என்றார் ஹிர்ஷ்மன். போக முடியாது என்பதால் அவன் கட்சிக்குள்ளேயே உட்கார்ந்து கமிட்டியைப் பிடிக்கிறான், மாநாட்டை நிரப்புகிறான், வேட்பாளரைத் தீர்மானிக்கிறான். கோல்ட்வாட்டரையே உதாரணமாகவும் காட்டினார்.

நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. லாரிகள் வந்து சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டுபோன பிறகும் ரயில்வே திருந்தவில்லை. போட்டி வந்தால் திருந்த வேண்டுமே? திருந்தவில்லை. 'ஏன் லேட்டு, ஏன் சரக்கு சேதம்?' என்று தட்டிக்கேட்கக்கூடிய ஆட்கள் எல்லாரும் லாரிக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத இடம் இன்னும் கெட்டது. அக்கறையுள்ள, வசதியுள்ள பெற்றோர்கள் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதுவும் அவர் சொன்ன உதாரணம்தான்.

கட்சியிலும் அதே கதை. நிதானமானவர்கள் நூறு பேர் விலகினால், மிச்சம் இருப்பவர்களில் கத்துகிறவர்களின் சதவீதம் ஏறுகிறது. அதனால் கட்சி இன்னும் ஓரத்துக்குப் போகிறது. அதனால் இன்னும் நூறு பேர் விலகுகிறார்கள்.

வலதுசாரிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் தொழிற்கட்சி 1979-இல் தோற்ற பிறகு என்ன செய்தது? தோற்றதற்குக் காரணம் நாம் போதுமான அளவு இடதுசாரியாக இல்லாததுதான் என்று உள்ளே இருந்தவர்கள் உரக்கச் சொன்னார்கள். 1981-இல் நிதானப் பிரிவின் நாலு தலைவர்கள் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். 1983 தேர்தல் அறிக்கையில் அணுகுண்டுகளைத் தானாகவே கைவிடுவோம், ஐரோப்பியச் சமூகத்தை விட்டு விலகுவோம் என்றெல்லாம் இருந்தது. 'வரலாற்றிலேயே மிக நீளமான தற்கொலைக் கடிதம்' என்று அதற்குப் பெயர் வைத்தவர், ஜெரால்ட் காஃப்மன், அதே கட்சியின் எம்.பி.! 37 சதவீதமாக இருந்த ஓட்டு 27.6-க்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், மார்கரெட் தாட்சரின் ஓட்டு சதவீதமும் அந்தத் தேர்தலில் கொஞ்சம் குறைந்தது. இருந்தும் அவருக்கு 397 இடம். எதிர்க்கட்சி வாக்காளர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதன் பரிசு அது. தொழிற்கட்சி மறுபடி ஆட்சிக்கு வர 1997 ஆனது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஒரு கட்சி ஒரே சமயத்தில் இரண்டு ஓரங்களையும் தாஜா செய்து பார்த்தது.

1984-இல் ராஜீவ் காந்திக்கு நாடாளுமன்றத்தில் 400-க்கு மேல் இடங்கள். நேருவுக்கும் கிடைக்காத பலம். 1985 ஏப்ரலில் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்தூரில் விவாகரத்து செய்யப்பட்ட ஒரு வயதான முஸ்லிம் பெண்மணிக்கு, வக்கீலான அவருடைய முன்னாள் கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும். எவ்வளவு? மாதம் 179 ரூபாய் 20 காசு. அவ்வளவுதான் விஷயம். மதத் தலைவர்கள் கொதித்தார்கள். ஊர்வலங்கள் நடந்தன. நாடாளுமன்றத்தில் தீர்ப்பை ஆதரித்துப் பேசினார் ஆரிஃப் முகமது கான் என்கிற இளம் அமைச்சர். அரசு முதலில் அவர் பக்கம் நின்றது. பிறகு ஊர்வலத்தின் பக்கம் சாய்ந்தது. 1986-இல் தீர்ப்பின் பலனைக் குறைக்கும் புதுச் சட்டம் வந்தது. ஆரிஃப் ராஜினாமா செய்தார். இந்த இழுபறியில் ஷா பானுவே தனக்குக் கிடைத்த தீர்ப்பு வேண்டாம் என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

இதே சமயத்தில், 1986 பிப்ரவரி 1-ஆம் தேதி, அயோத்தியில் பாபர் மசூதியின் பூட்டைத் திறக்க மாவட்ட நீதிபதி உத்தரவிட்டார். சட்டம் ஒழுங்குக்குப் பிரச்னை வராது என்று அதிகாரிகளே கோர்ட்டில் சொன்னார்கள். அன்றே பூட்டு திறந்தது. 1989 நவம்பரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, அங்கே அடிக்கல் நாட்டவும் அனுமதி. இவர்களுக்கு ஒன்று கொடுத்தாயிற்று, அவர்களுக்கும் ஒன்று கொடுத்தாயிற்று, கணக்கு டேலி ஆகிவிட்டது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

டேலி ஆகவில்லை. 1989-இல் காங்கிரசுக்கு 197 இடம். உத்தரப் பிரதேசத்தில் 85-க்கு 83 வைத்திருந்த கட்சிக்குக் கிடைத்தது 15. போஃபர்ஸ் ஊழல் புகாரும் வி.பி. சிங்கும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. அந்தச் சண்டையின் சூடு அவ்வளவாக எட்டாத தெற்கே காங்கிரஸ் நன்றாகவே ஜெயித்தது, தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 39-க்கு 38. ஆனால் அயோத்தியின் சொந்த மாநிலத்தில் விழுந்த கட்சி அதற்குப் பிறகு அங்கே பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை. கோயில் கோரிக்கையைத் தன் சொந்தச் சரக்காக வைத்திருந்த பி.ஜே.பி. 2 இடத்திலிருந்து 85-க்குப் போனது. அசல் கடை எதிரிலேயே இருக்கும்போது நகலை வாங்க யார் வருவார்கள்? உரக்கக் கேட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் நன்றி சொல்லவில்லை. கேட்காமல் இருந்தவர்கள், தினமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வசித்துக்கொண்டு பயந்துபோயிருந்த இரண்டு மதத்துச் சாதாரண ஜனங்கள், அவர்களை யாரும் எண்ணவே இல்லை.

சரி, அப்படியானால் நடுவில் இருக்கிறவன் சொல்வதுதான் எப்போதும் நியாயமா? சத்தம் போடுகிறவன் எல்லாம் தப்பா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவர் அதிகம் வருத்தப்பட்டது கு க்ளக்ஸ் க்ளான்காரர்களைப் பற்றி அல்ல. 'உங்கள் கோரிக்கை நியாயம்தான், ஆனால் இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்' என்று சொன்ன மிதவாத வெள்ளைக்காரர்களைப் பற்றி. நீதியைவிட அமைதியைப் பெரிதாக நினைக்கிறவர்கள் என்று அவர்களைச் சொன்னார். சாட்டையடி. நம் எல்லாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் வேண்டும். தெருவில் ஒருவனை அடிக்கும்போது 'எனக்கெதுக்கு வம்பு' என்று ஜன்னலைச் சாத்துகிறவனும் சத்தம் போடாதவன்தான். அவனுக்கு நிதானஸ்தன் என்று பட்டம் கொடுக்க முடியுமா?

ஆக, கூச்சலின் அளவை வைத்து நியாயத்தை அளக்க முடியாது. மௌனத்தை வைத்தும் அளக்க முடியாது. எனக்குத் தெரிந்த அளவுகோல் இரண்டு.

முதலாவது, கேட்கிறவன் எதைக் கேட்கிறான்? எல்லாருக்கும் இருப்பது எனக்கும் வேண்டும் என்றா? அல்லது, இன்னொருவனிடம் இருப்பதைப் பிடுங்க வேண்டும் என்றா? பர்மிங்ஹாமில் கறுப்பர்கள் கேட்டது மற்றவர்கள் உட்காரும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை. 1985-இல் ஊர்வலம் போனவர்கள் கேட்டது ஒரு கிழவிக்குக் கிடைத்த 179 ரூபாயைத் திரும்ப வாங்குவது.

இரண்டாவது, அந்தச் சத்தம் யாரைப் பார்த்துப் போடப்படுகிறது? கிங்கின் குரல் சத்தம் போடாதவர்களின் மனசாட்சியைப் பார்த்துப் போட்ட குரல். அவர்களைத் தன் பக்கம் அழைத்தது. குழந்தைகள்மேல் தண்ணீர் பீய்ச்சி, நாயை ஏவிய படங்களைப் பார்த்த அமெரிக்கா வெட்கப்பட்டது. குடியரசுக் கட்சியின் அந்த 27 செனட்டர்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. சான்பிரான்சிஸ்கோ அரங்கத்தில் கேட்ட ஊளை வேறு ரகம். ராக்பெல்லரின் வாயை அடைப்பதற்காகப் போட்டது. ஒரு சத்தம் கதவைத் தட்டியது. இன்னொன்று கதவைச் சாத்தியது.

தலைவன் என்று ஒருவனுக்குக் கட்சி மாலை போடுவதே இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தானே? முன்வரிசை கேட்பதையெல்லாம் கொடுப்பதற்குத் தலைவன் எதற்கு, ஒரு ஒலிபெருக்கி போதுமே?

ஒரு எதிர்வாதமும் இருக்கிறது. தீவிரம் எப்போதும் தோற்பதில்லை. கோல்ட்வாட்டருக்காக 1964-இல் டி.வி.யில் பேசிப் பெயர் வாங்கிய ரொனால்ட் ரீகன் 1980-இல் ஜனாதிபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறையப் பேர் ஓட்டுச்சாவடிக்கே வராத ஊரில் கத்துகிறவர்களை மட்டும் அழைத்து வந்து ஜெயிப்பதும் நடக்கிறது. நிஜம். வெர்மாண்ட்கூட 1968-இல் பழைய கட்சிக்கே திரும்பி வந்தது. ஆனால் 1992-இல் மறுபடி கிளம்பியது. 2024 தேர்தல் வரை திரும்பவில்லை. நூறு வருஷ உறவு, கடைசி வரை ஒரு சண்டைகூட இல்லை.

அங்கேதான் நம் பங்குத் தப்பும் இருக்கிறது. சண்டை போடாமல் போகிறோமே, அது. 1983 படுதோல்விக்குப் பிறகு தொழிற்கட்சியின் டோனி பென் என்ன எழுதினார் தெரியுமா? வெளிப்படையான சோஷலிசத் திட்டத்துக்கு எண்பத்தைந்து லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே, எவ்வளவு பெரிய விஷயம் என்று! வந்த ஓட்டை எண்ணினார். வராத ஓட்டு ஏன் வரவில்லை என்று அவரிடம் யார் சொன்னார்கள்? காரணம் சொல்லாமல் போனால், நாம் விட்டுப்போன வெற்றிடத்தில் கத்துகிறவன்தான் காரணம் எழுதுவான். 'நாம் இன்னும் தீவிரமாக இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்' என்றுதான் எழுதுவான்.

2013 முதல் நம் ஓட்டு இயந்திரத்தில் நோட்டா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 'யாரும் பிடிக்கவில்லை' என்று அது சொல்லும். ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தேர்தலில் வழக்கமாகப் போடும் கட்சிக்கு ஓட்டை நிறுத்துகிறீர்களா? தாராளமாக நிறுத்துங்கள். ஆனால் உங்கள் வார்டில் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் இருப்பார். டீக்கடையிலோ கல்யாண மண்டபத்திலோ கண்ணில் படுவார். அவரிடம் ஒரு நிமிஷம் நின்று, 'இருபது வருஷமா உங்களுக்குத்தான் போட்டேன். போன மாசம் உங்க தலைவர் இப்படிப் பேசினதால இந்தத் தடவை போடலை' என்று சொல்லிவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

அவர் மேலே சொல்வாரா, மாட்டாரா தெரியாது. பத்துப் பேர் சொன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும்.